ஐந்து மார்க் செவ்வந்தி

உடையப்பனின் மகள் சுகன்யா பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்று எண்பத்தொன்று வாங்கி, பள்ளியில் முதலாவதாக வந்தாள். இது இரண்டாயிரத்து நான்காம் வருஷம் மே மாதக் கடைசியில் நடந்தது. அன்றிலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் உடையப்பனின் நடையே மாறிப்போனது. காலையில் ஒரு தடவை டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன் மூன்று தடவை போக ஆரம்பித்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான். கேட்டார்கள். முதல் நாள் ஆசையாகக் கேட்டார்கள், இரண்டாம் நாள் மரியாதைக்குக் கேட்டார்கள், நான்காம் நாளிலிருந்து அவரே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பள்ளி திண்டுக்கல் டவுனில் இருந்தது. பெயர் வேண்டாம், அது மாதிரி ஊருக்கு நாலு இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்து, இரண்டு வருஷம் அதையே அரைத்துக் கொடுக்கிற பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கு அரசுத் தேர்வு கிடையாது என்பதால் அந்தப் புத்தகத்துக்கும் வேலை கிடையாது. பிளஸ் ஒன்னிலும் அதே கதைதான். சுகன்யாவுக்குப் பிளஸ் ஒன் புத்தகங்கள் வாங்கினார்கள், பிரவுன் அட்டை போட்டார்கள், லேபிள் ஒட்டினார்கள், அலமாரியில் வைத்தார்கள். மறுநாளே பிளஸ் டூ பாடம் தொடங்கியது. அந்தப் பிளஸ் ஒன் புத்தகங்கள் இன்றைக்கும் புதுசு கலையாமல் இருக்கும், யாருக்காவது வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் சூத்திரதாரி மிக்கேல்ராஜ் சார். உதவித் தலைமையாசிரியர், தாவரவியலில் எம்.எஸ்ஸி. பத்து வருஷத்து அரசுத் தேர்வுக் கேள்வித்தாள்களைப் பைண்டு பண்ணி மேஜை மேல் வைத்திருந்தார். எந்தக் கேள்வி எந்த வருஷம் வந்தது, எது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வருகிறது, எது ஏழு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை என்று சிவப்பு மையில் அட்டவணை போட்டிருப்பார். அவர் 'வரும்' என்றால் வரும். 'விடு' என்று பென்சிலில் எழுதிய பாடத்தை மாணவர்கள் நிஜமாகவே விட்டுவிடுவார்கள். சுகன்யாவின் புத்தகங்களில் பாதிப் பக்கங்களுக்கு மேல் அந்த 'விடு' இருந்தது. மீதிப் பாதியை அவள் கமா, முற்றுப்புள்ளி உட்பட அறிவாள்.

உடையப்பன் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார், படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நாற்பது சென்ட் நிலம், வண்டிப்பாதை ஓரத்தில். அந்த வருஷம் முழுக்கச் செவ்வந்தி போட்டிருந்தார். ஆயுத பூஜைக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் செவ்வந்திக்கு இருக்கிற கிராக்கி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ஒரு வாரத்துப் பூதான் அவர் குடும்பத்துக்கு வருஷம். அதிலிருந்துதான் சுகன்யாவின் படிப்பு, அதிலிருந்துதான் தீபாவளி, அதிலிருந்துதான் மீதி எல்லாம்.

காட்டில் ஒரே ஒரு குறை. பாதையோரத்து மின்கம்பம் ஒரு மழைக்காற்றில் சாய்ந்து, செடிகளுக்கு மேலே குனிந்து நின்றது. கம்பி தொய்ந்து தொங்கியது. பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது உடையப்பனின் மனைவி சின்னக்கண்ணு அந்த இடத்தில் மட்டும் குனிந்து போவாள்.

"பூப் பறிக்கத்தான் காட்டுக்குப் போறோம், கம்பியில தொங்குறதுக்கா? போஸ்ட்ட நிமித்தச் சொல்லி ஒரு மனு குடுங்க," என்றாள் அவள்.

மனு எழுத ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஆள் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் அவரிடம்தான் போவார்கள். உடையப்பன் சிரித்தார். "பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு வாங்குனவ வீட்டுல இருக்கா. மரத்தடியில இருக்கவன்ட்ட நான் எதுக்குப் போகணும்?"

சுகன்யாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கம்பம் சாய்ந்து கிடக்கிறது, கம்பி தொங்குகிறது, நிமிர்த்தித் தர வேண்டும். சுகன்யா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு மூன்று மனுக்கள் தெரியும். குடிநீர் வசதி கேட்டு ஒன்று, பேருந்து வசதி கேட்டு ஒன்று, தெருவிளக்கு எரியவில்லை என்று ஒன்று. இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அது போலவே வந்தது. சாய்ந்த கம்பத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கம்பம்னு வர்றதால இது தெருவிளக்கு மனுப்பா," என்றாள்.

"எது சரியோ அத எழுது தாயி," என்றார் உடையப்பன்.

ஆறு நிமிஷத்தில் எழுதி முடித்தாள். தேர்வில் அதற்கு எட்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். இடப்பக்கம் கோடு போட்டு, தலைப்புகளைக் கறுப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்து மடித்துக் கொடுத்தாள். உடையப்பன் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு, பள்ளி முதல்வியைத் திருத்துவதாவது.

மனுவை வாங்கிய ஆபீஸ் எது என்பதும் இங்கே வேண்டாம். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா பேப்பரைப் பிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து கிறுக்கலும் கண்ணீர்க் கறையுமாகப் பார்த்துச் சலித்த கண்களுக்கு அது விருந்தாக இருந்தது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அனுப்புநர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு போட்டிருக்கு. அது யாரு?"

தேர்வில் சொந்தப் பெயரை எழுதினால் பேப்பர் செல்லாது என்று மூன்று வருஷம் மிரட்டப்பட்ட கை, மனுவிலும் அதையே எழுதியிருந்தது. உடையப்பனுக்கு இது புரியவில்லை. புரியாவிட்டாலும் மகள் எழுதியதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

"அது நான்தாங்க," என்றார்.

குமாஸ்தா அதை அடித்துவிட்டு உடையப்பன் என்று எழுதிக்கொண்டார். மீதியைப் படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. 'இருள் சூழ்ந்து காணப்படுவதால் திருடர் பயமும் விஷ ஜந்துக்களின் நடமாட்டமும் அதிகரித்துள்ளன. முதியோரும் பெண்களும் நடமாட அஞ்சுகின்றனர்.' அவரும் முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மனுவை எழுதித் தேறியவர்தான். இரண்டு வரி முன்னதாகவே அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படி ஒரு மனு கையில் கிடைத்தால் யாருக்குத்தான் நடவடிக்கை எடுக்கத் தோன்றாது?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு வேனும் ஏணியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். சாய்ந்த கம்பத்தில் ஒரு பெரிய சோடியம் விளக்கை மாட்டினார்கள்.

"கம்பத்த நிமித்தலையாண்ணே?" என்று உடையப்பன் கேட்டார்.

"பேப்பர்ல லைட்டுன்னுதான் இருக்கு," என்று ஏணி மேலிருந்தவர் சொன்னார்.

முதலில் லைட்டு, பிறகு கம்பம், அரசாங்கத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் வரும் போலிருக்கிறது என்று உடையப்பன் சமாதானமானார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. கம்பம் குனிந்திருந்ததால் பாதைக்குக் கொஞ்சமும் காட்டுக்கு நிறையவுமாக மஞ்சள் வெளிச்சம் கொட்டியது. ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். பத்து வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத லைட்டு, ஒரே பேப்பரில் வந்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அடுத்த வாரத்துக்குள் அதற்குச் சுகன்யா லைட்டு என்று பெயர் வந்துவிட்டது. 'சுகன்யா லைட்டு வரைக்கும் போயிட்டு வாரேன்' என்று யாராவது சொல்லிக் காதில் விழுந்தால் உடையப்பனுக்கு அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். தான் கேட்டது லைட்டு இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சின்னக்கண்ணு மட்டும் வழக்கம் போலக் குனிந்து நடந்தாள்.

செவ்வந்தி அந்த வருஷம் வளர்ந்த வளர்த்தியைச் சொல்ல வேண்டும். இடுப்பு உயரம் வந்தது. இலை கரும்பச்சையாகத் தடித்தது. பாதையில் போகிறவர்கள் நின்று, என்ன உரம் போட்டீங்க என்று கேட்டார்கள். உடையப்பன் மர்மமாகச் சிரித்து வைத்தார். பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு தென்னை வரிசைக்குப் பின்னால் அய்யனாரின் காடு. அவருக்கும் செவ்வந்திதான், நாற்றும் ஒரே இடத்தில் வாங்கியதுதான். ஆனால் அவர் செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. உடையப்பனுக்கு அய்யனாரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் அய்யனாரின் குட்டைச் செடிகளில் மொட்டு வைத்தது. உடையப்பனின் காட்டில் இலை மட்டும் இருந்தது. மூன்றாம் வாரம் அய்யனாருக்குச் செடிக்கு இருபது முப்பது மொட்டு. இங்கே இன்னும் கொஞ்சம் இலை.

உடையப்பன் பயந்துபோனார். ஆயுத பூஜைக்கு நாலு வாரம்தான் இருந்தது. உரக்கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள், அடித்தார். இலை இன்னும் பளபளத்தது. கொழுந்தைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வந்தது. தண்ணீரை நிறுத்திப் பார்த்தார், வாடியது. மறுபடி விட்டார், நிமிர்ந்தது. சின்னக்கண்ணு காட்டின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்துத் திருஷ்டி கழித்தாள். செடி அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். உடையப்பனுக்குத் திடீரென்று ஒரு யோசனை. செடியைப் பற்றியே பெரிய படிப்புப் படித்த மனுஷன் அங்கே இருக்கும்போது உரக்கடைக்காரனிடம் எதற்குப் போய் நின்றோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாளைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மிக்கேல்ராஜ் சார் அவரை எழுந்து நின்று வரவேற்றார். பள்ளி முதல்வியின் அப்பாவுக்கு அங்கே அந்த மரியாதை உண்டு. "வாங்க உடையப்பன். சுகன்யா பாட்டனியில இருநூறுக்கு நூத்தி தொண்ணூத்தாறு. அந்த நாலு மார்க் எங்க போச்சுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க கவலையே படாதீங்க."

"சந்தோசம் சார். வேற ஒரு சமாச்சாரம்," என்று உடையப்பன் செய்தித்தாளைப் பிரித்து, செடியை மேஜையில் வைத்தார். பைண்டு பண்ணிய கேள்வித்தாள்கள் மேல் கொஞ்சம் மண் விழுந்தது. "நல்லா வளந்திருக்கு சார், ஆனா மொட்டே வைக்கல. பக்கத்துக் காட்டுல வச்சிருச்சு. என்ன கோளாறுன்னு நீங்கதான் சொல்லணும்."

சார் செடியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் அவர் முகம் வேறு மாதிரி ஆனது. இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டை நகத்தால் கீறி முகர்ந்தார். வேலைக்கு வந்த புதிதில் அவர் பிள்ளைகளைச் சிறுமலை அடிவாரத்துக்குக் கூட்டிப் போய்ச் செடி சேகரித்தவர். ஒரு வருஷம் அப்படிப் போனதில் தேர்ச்சி இரண்டு சதவீதம் குறைந்தது. அடுத்த வருஷத்திலிருந்து போகவில்லை. சேகரித்த செடிகள் இன்னும் ஒரு பீரோவில் காய்ந்து கிடக்கின்றன. பீரோ சாவி எங்கே என்று அவருக்கு மறந்துவிட்டது.

"இலை தனி இலை. மாற்று இலையமைவு. விளிம்பு பிளவுபட்டது," என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் வகுப்புக் குரலாகிவிட்டது. "ஆனா பாருங்க, பூ இருந்தாத்தான் மலர்ச் சூத்திரம் எழுத முடியும். பூ இல்லாம எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

"பூ இல்லைங்கிறதுதான் சார் என் பிரச்சினையே."

சார் கொஞ்ச நேரம் செடியையே பார்த்தார். ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிற மாதிரி புருவம் நெரிந்தது. அதற்குள் வராந்தாவில் அடுத்த பெற்றோர் வந்து நின்றுவிட்டார். "வேளாண்மை ஆபீஸ்ல ஒரு தடவ கேட்டுப் பாருங்க," என்று செடியைத் திருப்பிக் கொடுத்தார். அதே வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியடில்தான், செடிகள் எப்போது பூக்கும், ஏன் பூக்கும் என்கிற பாடத்தை அவர் நடத்தி முடித்திருந்தார். உடையப்பனுக்கு அது தெரிய வழியில்லை. பக்கத்தில் நின்ற சுகன்யாவுக்குத் தெரியும். அவள் சாரின் மேஜையில் விழுந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் முதல் வாரம். பொழுது சாயும் நேரத்தில் உடையப்பன் காட்டுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்தார். வேலை ஒன்றும் இல்லை. துக்க வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். சும்மா செடிகளைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு பட்டையில் மட்டும் செடிகள் குட்டையாக இருந்தன. எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். மொட்டு. கை வைத்த இடமெல்லாம் மொட்டு. அந்தப் பட்டை மோட்டார் ரூமை ஒட்டி ஆரம்பித்து, அகன்று போய், வரப்பில் முடிந்தது. நேர்கோடு பிடித்த மாதிரி இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருந்தது. இந்தப் பக்கம் மொட்டு, அந்தப் பக்கம் வெறும் இலை.

தண்ணீரா? ஒரே வாய்க்கால். உரமா? ஒரே கை போட்டது. மண்ணா? ஒரே மண். உடையப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது ஆறு மணியாயிற்று. சுகன்யா லைட்டு எரிந்தது. மோட்டார் ரூமின் நிழல் நீண்டு போய் விழுந்தது. மொட்டு வைத்த பட்டை மேல் அது இம்மி பிசகாமல் பொருந்தியது.

 உடையப்பன் காட்டின் தூர மூலைக்கு நடந்தார். வெளிச்சம் போய்ச் சேராத அந்த மூலையிலும் மொட்டு இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு விஷயம் பிடிபட்டுவிட்ட சந்தோஷம்தான் முதலில் வந்தது. கையும் காலும் பரபரக்க வீட்டுக்கு நடந்தார்.

சுகன்யா விளக்கடியில் உட்கார்ந்து கண்ணை மூடி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். சின்னக்கண்ணு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் உடையப்பன். "ராத்திரியில வெளிச்சம் பட்டா செவ்வந்தி பூக்காது போல. இருட்டு வேணும் அதுக்கு. லைட்டு மறைஞ்ச எடத்துல மட்டும் மொட்டு வச்சிருக்கு."

சுகன்யா கண்ணைத் திறந்தாள். தேர்வறையில் தெரிந்த கேள்வியைப் பார்த்த முகம். மறுபடி கண்ணை மூடி, மூச்சு விடாமல் சொன்னாள்: "ஒளிக்காலத்துவம். பகல் மற்றும் இரவின் கால அளவிற்கேற்பத் தாவரங்கள் மலர்தலில் காட்டும் துலங்கல் ஒளிக்காலத்துவம் எனப்படும். குறும்பகல் தாவரங்கள் மலர்வதற்குத் தொடர்ச்சியான நீண்ட இருள் தேவை. இருட்காலத்தில் இடையே ஒளி பட்டால் இவை மலர்வதில்லை. எடுத்துக்காட்டு, புகையிலை, செவ்வந்தி."

அரிசி களைகிற சத்தம் நின்றது.

"என்ன சொன்ன?" என்றார் உடையப்பன்.

"அஞ்சு மார்க் கேள்விப்பா. மூணு தடவ வந்திருக்கு. காலாண்டுல கேட்டாங்க, அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேன்."

"இது முன்னாலயே தெரியுமா ஒனக்கு?"

"ஆகஸ்ட் கடைசியிலயே படிச்சாச்சுப்பா. கிளாஸ்ல போன வாரம் நடத்துனது ரிவிஷன்."

"அப்ப ஏன் தாயி சொல்லல?"

சுகன்யா அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் எந்தக் கள்ளமும் இல்லை. "நீங்க கேக்கலையேப்பா," என்றாள்.

"இம்புட்டையும் வச்சிக்கிட்டா இத்தன நாளா செடிக்கு முன்னால நடந்து பஸ்ஸுக்குப் போன?" என்று சின்னக்கண்ணு ஈரக் கையோடு எழுந்து வந்தாள். "எலுமிச்சம்பழம் வச்சேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"அது பாடத்துல இருக்க செவ்வந்திம்மா," என்று சொன்ன சுகன்யாவுக்கு, சொல்லி முடித்ததும்தான் என்னவோ உறைத்தது. கண் கலங்கிவிட்டது. உடையப்பன் திட்டத்தான் நினைத்தார். ஆனால் அழுகிற பிள்ளையை, அதுவும் நானூற்று எண்பத்தொன்று வாங்கிய பிள்ளையை, என்னவென்று திட்டுவது? "சரி விடு. மனு எழுது, லைட்ட அமத்தச் சொல்லி," என்றார்.

தானே ஒரு சாக்கைக் கொண்டு மூடியிருக்கலாம். அது உடையப்பனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சுகன்யா லைட்டைச் சுகன்யாவின் அப்பனே சாக்குப் போட்டு மூடினால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட அரசாங்கமே வந்து அமர்த்திவிட்டுப் போவது கௌரவம். கௌரவத்துக்காக இரண்டு மாசம் கம்பத்தைப் பற்றி வாய் திறக்காத மனுஷன் இன்னும் கொஞ்சம் பொறுக்கத் தயாரானார்.

இந்தத் தடவை சுகன்யாவுக்கு நேரம் பிடித்தது. லைட்டை அமர்த்தச் சொல்லும் மனு பத்து வருஷக் கேள்வித்தாளில் ஒன்றிலும் இல்லை. வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தாளைப் பார்த்துப் பேனாவை வைப்பதும் எடுப்பதுமாக இருந்த மகளைப் பார்க்க உடையப்பனுக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அவள் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். அதே தெருவிளக்கு மனுவை எடுத்து, தேவையான இடத்தில் மட்டும் மாற்றினாள். அப்பாவின் பெயரை மறக்காமல் எழுதினாள்.

'எங்கள் பகுதியில் தெருவிளக்கு நன்கு எரிகிறது. இதனால் திருடர் பயமும் விஷ ஜந்துக்களின் நடமாட்டமும் அதிகரித்துள்ளன. முதியோரும் பெண்களும் நடமாட அஞ்சுகின்றனர். எனவே ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

செவ்வந்தி என்கிற சொல் அதில் எங்கேயும் இல்லை. மனுவில் அதற்கு இடம் கிடையாது.

பதினெட்டு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதம் என்பதால் உடையப்பன் கை கால் கழுவிவிட்டு வாங்கினார். சுகன்யா வாசித்தாள்: 'மனுதாரர் குறிப்பிட்ட தெருவிளக்கு கள ஆய்வு செய்யப்பட்டது. விளக்கு நல்ல முறையில் எரிவது உறுதி செய்யப்பட்டது. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

அது வந்தபோது ஆயுத பூஜை முடிந்து நாலு நாளாகியிருந்தது. கொழுந்தைக் கிள்ளியதால் பிந்திப்போன மோட்டார் ரூம் பட்டை பூஜைக்குள் விரியவில்லை. அந்தப் பூஜைக்கு உடையப்பன் வீட்டு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் சுகன்யாவின் புத்தகங்களுக்கும் வைத்த செவ்வந்தி, அய்யனாரிடம் விலைக்கு வாங்கியது. அய்யனார் நல்ல மனுஷன், காசு வேண்டாம் என்றுதான் சொன்னார். அதுதான் உடையப்பனுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மோட்டார் ரூம் சாவியைத் தேடுகிற சாக்கில் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் பொறுமை தீர்ந்தது. ஊராவது, கௌரவமாவது. கிறிஸ்துமஸுக்கும் மார்கழிக்குமாவது பூ வேண்டும். ஒரு யூரியாச் சாக்கையும் நீளமான மூங்கில் தொரட்டியையும் எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்துப் பிடிக்க ஆள் வேண்டுமென்று சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். பத்தாம் வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் செடிகளுக்குள் இறங்கியதில்லை. வரப்போடு பஸ்ஸுக்குப் போவாள், வரப்போடு வருவாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பம் குனிந்திருந்ததால் சுலபமாக எட்டியது. ஒரு வகையில் அதை யாரும் நிமிர்த்தாததும் நல்லதாகப் போயிற்று. இரண்டாவது முயற்சியில் சாக்கு விளக்கின் மேல் விழுந்து உட்கார்ந்தது. காடு இருண்டது. உடையப்பன் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

கண் இருட்டுக்குப் பழகியதும் சுகன்யா மோட்டார் ரூம் பக்கம் நடந்தாள். அந்தப் பட்டையில் பூ விரிந்திருந்தது. குனிந்து ஒரு பூவைத் தொட்டாள், பிறகு அதன் இலையைத் தொட்டாள். பக்கத்தில் பூக்காமல் நின்ற செடியின் இலையையும் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ப்பா."

"என்ன தாயி?"

"இருட்டு எம்புட்டு நேரம் இருந்துச்சுன்னு செடிக்கு எப்படிப்பா தெரியுது? அதுக்குக் கண்ணும் கெடையாது, கடிகாரமும் கெடையாது. இலைதான் பாக்குதா? பாத்துட்டு மொட்டு வைக்கிற எடத்துக்கு யாரு போய்ச் சொல்றது?"

கேள்வி நல்ல கேள்வி. உடையப்பனுக்கே ஒரு நிமிஷம் அந்த இலையைப் பார்க்கத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை தாவரவியலில் முழுப் பாடத் தேர்வு. காலாண்டில் போன நாலு மார்க்கை மிக்கேல்ராஜ் சார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"இது பரிச்சைக்கு வருமா?" என்று கேட்டார்.

சுகன்யா யோசித்தாள். "வராதுப்பா. அந்தப் பாராவ விடச் சொல்லிட்டாங்க."

"அப்ப எந்திரி. வீட்டுக்குப் போய்ப் படி."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வரப்பில் ஏறி நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் அவள் உதடுகள் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டன. ஒளிக்காலத்துவம், பகல் மற்றும் இரவின் கால அளவிற்கேற்ப. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உடையப்பனுக்கு அப்போதுதான் எட்டியது.  கூப்பிடலாம் என்று வாயெடுத்தார்.  நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று அவள் எப்போதும் சொல்வாள்.

அவர் தொரட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார், அவள் படிப்புக் கெடாத தூரத்தில்.